கில்டோனன்: ஆள் போய், பெயர் நின்ற பள்ளத்தாக்கு

ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஒரு வட்டாரத்துக்கு ‘சதர்லாந்து’ என்று பெயர். தெற்கு நாடு என்று பொருள். வடகோடி எப்படித் தெற்காகும்? பெயர் வைத்தவர்கள் அதற்கும் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் இருந்த நார்ஸ் மக்கள். பெயர் வைத்தவன் எங்கே நின்றான் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்த பழக்கம் எனக்கு.

மகள் இன்வெர்னஸில் இருக்கிறாள். சென்ற தடவை போயிருந்தபோது, அங்கிருந்து ரயிலேறிக் கில்டோனன் போனேன். கேட்டுக்கொண்டால்தான் அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும். கில்டோனன் ஒரு ‘பாரிஷ்’. ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்களின் தொகுதி அது. நம் பிர்க்கா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ‘கில்’ என்றால் கேலிக் மொழியில் கோயில். டோனன் என்பவர் 617இல் எய்க் தீவில் கொல்லப்பட்ட துறவி.

பள்ளத்தாக்கின் நடுவே ஹெல்ம்ஸ்டேல் ஆறு. பெயரின் வால், பள்ளத்தாக்கைக் குறிக்கும் நார்ஸ் சொல். கேலிக் பேசியவர்களுக்கு அதே ஆறு ‘இலி’. கரையோர ஊர்களையும் பாருங்கள்: போரோபோல், லியரபிள், எல்ட்ரபிள். கடைசியில் வரும் ‘போல்’, ‘பிள்’ இரண்டுமே பண்ணை என்னும் ஒரே நார்ஸ் சொல்லின் தேய்வு. பக்கத்திலேயே கில்ஃபெடிர், அதாவது பீட்டர் கோயில், அது கேலிக். நார்ஸ்காரன் வைத்த பெயரைப் பின்னால் வந்த கேலிக்காரன் அழிக்கவில்லை, தன் வாய்க்கு ஏற்றபடி தேய்த்துக்கொண்டான். பல நூறு வருஷம் ஆட்கள் விடாமல் புழங்கினால்தான் ஒரு சொல் அப்படித் தேயும்.

அந்தப் புழக்கம் நின்றது 1813 முதல். சதர்லாந்து சீமாட்டியின் எஸ்டேட், ஆட்டுப் பண்ணைக்காகக் குடிகளை வெளியேற்றியது. 1811இல் பாரிஷில் 1,574 பேர். 1831இல் 257 பேர். லியரபிளில் நான் பார்த்தது புல் மூடிய கல் அடித்தளங்களைத்தான். வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்கு ஆற்று முகத்துவாரத்தில் சிறு துண்டு நிலம் கொடுத்து, மீன் பிடிக்கச் சொன்னார்கள். அப்படி எழுந்ததுதான் இன்றைய ஹெல்ம்ஸ்டேல் ஊர். அதன் தெருப் பெயர்களை வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது: டன்ராபின், ஸ்டாஃபோர்ட், ட்ரெண்டம், லில்லெஷால். எல்லாம் அந்தக் குடும்பத்தின் பட்டங்களும் மாளிகைகளும். வீட்டை இழந்தவன், தன்னை வெளியேற்றியவர்களின் பெயரையே விலாசமாக எழுத வேண்டியிருந்தது.

1870களில் ஆர்ட்னன்ஸ் சர்வேக்காரர்கள் இங்கே வந்து அளந்தார்கள். அவர்களுடைய முறை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டில் எழுதி, எழுத்துக்கூட்டலுக்கு உள்ளூர்ப் பெரியவர்களைச் சாட்சி வைப்பார்கள். ஆனால் ஊர் காலியாகி அறுபது வருஷம் ஆகியிருந்தது. ஓடைக்கும் மேட்டுக்கும் பெயர் தெரிந்த கிழவிகள் எத்தனை பேர் மிச்சம் இருந்திருப்பார்கள்?

இடையில் ஒரு வேடிக்கை. 1869இல் கில்டோனன் ஓடையில் தங்கம் கிடைக்கிறதென்று கூட்டம் திரண்டு குடிசை போட்டது. அந்தக் குடியிருப்புக்கு ‘பாலே அன் ஓர்’, தங்க ஊர் என்று பெயர். அந்த வருஷம் முடிவதற்குள் அதுவும் காலி. தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர்களுக்குப் பக்கத்தில், ஒரு வருஷம்கூட இல்லாத ஊருக்கும் வரைபடத்தில் இடம்!

1813இல் வெளியேற்றப்பட்டவர்களில் சுமார் நூறு பேர் செல்கர்க் பிரபுவின் ஏற்பாட்டில் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். கப்பலில் டைபஸ் காய்ச்சல். ஹட்சன் வளைகுடாக் கரையில் ஒரு குளிர்காலத்தைத் தள்ளிவிட்டு, பனியில் நடந்து, அடுத்த வருஷம் ரெட் ரிவர் போய்ச் சேர்ந்தார்கள். 1817இல் அவர்களுடைய குடியேற்றத்துக்குக் கில்டோனன் என்றே பெயரிடப்பட்டது. இன்று வின்னிபெக் நகரில் கிழக்குக் கில்டோனன், மேற்குக் கில்டோனன், வடக்குக் கில்டோனன் என்று மூன்று பகுதிகள், வீடும் கடையும் பள்ளிக்கூடமுமாக இருக்கின்றன. பழைய கில்டோனனில் நான் திரும்பி ரயிலேறியபோது பிளாட்பாரத்தில் வேறு யாரும் இல்லை.