அம்பையில நான் எரிச்ச உளி

திருநெல்வேலியில செங்கோட்டை ரயிலைப் பிடிச்சு, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி தாண்டி இறங்கினா அம்பாசமுத்திரம். சுருக்கமா அம்பை. ஒரு பக்கம் தாமிரபரணி, தூரத்துல பொதிகை மலை. ஆனா நான் போனது குளிக்க இல்லை பாஸ், மினி புராஜெக்ட்டுக்கு! சின்ன வயசுல அக்கா தங்கச்சிங்க வெச்சு விளையாடின மரச் சொப்பு இருக்கே... அம்மி, ஆட்டுக்கல், அடுப்பு, குடம்... அதையெல்லாம் கடைஞ்சு எடுக்கிற ஊர் இது.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். லேத்னா இரும்புன்னு மட்டுமே தெரிஞ்ச எனக்கு மரக் கடைசல் பட்டறை புதுசு. கட்டை சுத்துது, அண்ணாச்சி உளியை வைக்கிறார், மரம் ரிப்பன் ரிப்பனா உரிஞ்சு அவர் கை மேலேயே விழுது. கொஞ்ச நேரத்துல ஒரு குடம்! சுத்துற குடத்து மேலேயே அரக்குக் குச்சியை அழுத்தறார். உரசுற சூட்டுல அரக்கு உருகிச் சிவப்பு ஏறிடுது.

"ரிப்பன் போயி தூளா கொட்டிச்சுன்னா உளி மழுங்கிட்டுன்னு அர்த்தம் தம்பி. சாணை புடிக்கணும்."

சாணைக்கல் மூலையில இருந்தது. பத்து அங்குலக் கல், அடிப்பாகம் தண்ணித் தொட்டியில முங்கி, ஆமை வேகத்துல சுத்துது. 1,440 ஆர்.பி.எம். மோட்டாரை ரெண்டு செட் புல்லி போட்டு 90-க்கு இறக்கியிருக்கார். பக்கத்துலயே ஆறு அங்குல சாதா கிரைண்டர், 2,850 ஆர்.பி.எம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிரைண்டர் கல்லோட விளிம்பு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுது. தண்ணிக்கல் வெறும் 1.2 மீட்டர். நம்ம மனசு எதுக்குப் போகும்? அண்ணாச்சி டீ குடிக்கப் போன கேப்புல உளியைக் கிரைண்டர்ல வெச்சுட்டேன். ஆறே செகண்டு. தீப்பொறி சூப்பர். முனையில மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம்.

கிளாஸ்ல படிச்சதுதான். கார்பன் ஸ்டீல் 300 டிகிரியைத் தொட்டா இந்த நீலம் பூக்கும், கடினம் இறங்கிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. ஹைஸ்பீடு ஸ்டீல்னா அந்தச் சூட்டைத் தாங்கியிருக்கும். இதுவோ பழைய அரத்தை அடிச்சுச் செஞ்ச உளி. செஞ்சது அண்ணாச்சியோட அப்பா.

வந்தார், பார்த்தார். திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்!

"நீலம் போற வரைக்கும் தேய்க்கணும்டே. நீயே புடி."

முதல்ல உளியோட சாய்வுப் பக்கத்துல மார்க்கர் பேனாவால மை பூசச் சொன்னார். மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு, கையால கல்லை லேசா உருட்டினார். பின்பக்கம் மட்டும் மை அழிஞ்சா கோணம் தப்பு, நுனி மட்டும் அழிஞ்சாலும் தப்பு. முழுசா அழியணும். அதுக்கு ஒரு மரக்கட்டையில ரெண்டு கோடு கீறி வெச்சிருக்கார். உளி தாங்கியிலேர்ந்து எவ்வளவு நீட்டணும்னு ஒண்ணு, தாங்கி கல்லிலேர்ந்து எவ்வளவு தள்ளி நிக்கணும்னு ஒண்ணு. கல் தேயத் தேய விட்டம் குறையும், கோணம் மாறும்ங்கிறதால ஒவ்வொரு தடவையும் அளக்கறார். எங்க லேப்ல யாரு இப்படி அளக்கறோம்?

கல் கூரை நோக்கி வரும்போது தண்ணி கூடவே வந்து, கூர் கல்லோட சரியா ஒட்டின இடத்துல உளி மேல ஏறுது. ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் ஏறலைன்னா கை சாஞ்சிருக்குன்னு அர்த்தம். எனக்குச் சாஞ்சுக்கிட்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மறுபக்கம் பிசிர் எழுந்ததைக் கட்டைவிரலால தடவிக் காட்டி, தோல் வார்ல ரெண்டு இழுப்பு இழுத்தார். கட்டையில வெச்சதும் ரிப்பன்!

பக்கத்துல அதே மாதிரி புது உளி ஒண்ணு கிடந்தது. சாண் நீளம். அப்பாவோட உளி என் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. அதுலயும் ஒரு நெல் அளவு இன்னிக்கு நான் தின்னுட்டேன். அண்ணாச்சி மாசக்கணக்கா தீட்டினாத்தான் அவ்வளவு தேயுமாம்.

"எவ்வளவு ஆகும் அண்ணாச்சி, நான் தந்துடறேன்..."

"யார்கிட்ட வாங்குவே? எங்கப்பா கிட்டயா?" சிரிச்சார். "என் காலத்துக்கு இது போதும். போறப்ப தொட்டித் தண்ணியைக் கொட்டிட்டுப் போ. ராத்திரி பூரா ஊறினா கல்லு ஒரு பக்கம் கனத்துப் போவும், நாளைக்கு ஆட்டும்."

கொட்டிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.