அத்தை போட்ட குல்லா

திருச்செந்தூரில் உல்லன் குல்லாவுக்கு வேலை குறைவு. மார்கழி விடியலில் கடல்காற்று காதில் ஏறிவிடும் என்று பெரியவர்கள் மப்ளர் சுற்றுவார்கள், பச்சைப்பிள்ளையின் தலையை மூடிவைப்பார்கள். மற்ற நாளெல்லாம் வியர்வைதான். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைக்குக் கோயில் பக்கத்துக் கடையில் துணித் தொப்பி கிடைக்கும், அது போதும். இவ்வளவும் தெரிந்தே குல்லா பின்னிக்கொண்டிருக்கிறவள் நான். சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், எந்தப் பிள்ளைக்கு முதல் மொட்டை எடுத்தாலும், சீர்த்தட்டில் என் குல்லா இருக்கும்.

பிரியத்தில் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். பாதி பொய். எனக்குப் பிடித்தது ஊசியில் நடக்கிற விளையாட்டு. இரண்டு கண்ணி நிட், இரண்டு கண்ணி பர்ல் என்று மாறி மாறிப் போட்டால் ரிப் விழும்: நிட் வரிசை மேடாக எழும்பும், பர்ல் வரிசை பள்ளமாக உள்ளே ஒதுங்கும். இழுத்தால் விரியும், விட்டால் தலையைப் பிடித்துக்கொள்ளும். உச்சி நெருங்கும்போது கண்ணிகளைக் குறைக்க வேண்டும். இரண்டைச் சேர்த்து ஒன்றாக நிட் போட்டால் வலப்பக்கம் சாயும். அதே இரண்டை ஊசியில் திருப்பி எடுத்துச் சேர்த்தால் இடப்பக்கம் சாயும். எட்டுப் பங்காகப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டே போனால், பிள்ளைகளின் மண்டையில் இருப்பதைப் போலவே குல்லா உச்சியிலும் ஒரு சுழி விழும். குறைத்த இடத்தை மறைக்கவும் செய்யலாம், காட்டவும் செய்யலாம். நான் காட்டுகிற ஆள்.

இந்த ஆசையில் தலைகளை மறந்துபோனேன். மழித்த தலையில் நூல் அரிக்கும், ரிப் பள்ளத்தில் சந்தனம் போய் அப்பிக்கொள்ளும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. போட்டோ எடுக்கும்வரை பிள்ளை தலையில் குல்லா இருக்கும். அப்புறம் பீரோவுக்குள் போய்விடும். வேண்டாத குல்லாவைத் தலையில் கட்டுவதில் நான் முதல் ஆள் இல்லை. இங்கிலாந்தில் 1571இல் ஒரு சட்டம் போட்டார்கள். பிரபுக்கள், சீமாட்டிகள் போன்ற சிலர் நீங்கலாக, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் திருநாட்களிலும் கம்பளிக் குல்லா அணிய வேண்டும், தவறினால் அபராதம். குல்லா பின்னுகிறவர்களின் பிழைப்பைக் காப்பாற்றுவதற்காக வந்த அந்தச் சட்டத்தை 1597இல் நீக்கிவிட்டார்கள். என் சொந்தக்காரர்களுக்கு அந்த விடுதலைகூடக் கிடைக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் அசட்டுத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். நான் சொல்ல வந்தது வேறு.

அண்ணன் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. குல்லாவுக்கு 72 கண்ணி ஏற்றினேன், அடியிலிருந்து உச்சிவரை ரிப். கண்ணி குறைப்பதைப் பள்ளத்துக்குள் வைத்துக்கொண்டால் மேடுகள் அறுபடாமல் உச்சிவரை ஓடும் என்று ஒரு யோசனை. 18 பள்ளம், ஒவ்வொன்றிலும் இரண்டு பர்லை ஒன்றாக்கினால் ஒரே சுற்றில் 72 கண்ணி 54 ஆகும். வேலை அழகாகத்தான் வந்தது. பார்க்கிறவர்கள் கண்ணில் அந்த அழகு முதலில் படவேண்டும் என்று, உச்சிக்கு வெகு கீழேயே குறைக்கத் தொடங்கினேன். மாதிரித் துண்டு பின்னி ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று பார்க்கவில்லை. பிள்ளையின் தலையை அளந்து சொல் என்று கேட்கவில்லை. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும் என்று எந்த நர்ஸிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார். போதாததற்கு, முதல் வரிசைக் கண்ணிகளை இறுக்கி ஏற்றுவது என் பழைய பழக்கம். விளிம்பு விரியாவிட்டால் அதற்கு மேல் எத்தனை ரிப் இருந்தும் பயனில்லை.

சில நாள் கழித்துப் போன் வந்தது. “அத்தை, குல்லா ரொம்ப இறுக்கமா இருக்கு. கழத்திப் பாத்தா நெத்தியில செவசெவன்னு கோடு விழுந்திருக்கு. அழுதுக்கிட்டே இருந்தான்.”

யோசிக்கக்கூட இல்லை. “ஏளா, வெந்நீர்ல துவைச்சியோ? உல்லன்லா! சுருங்கத்தான செய்யும்” என்றேன்.

“ஆமா அத்தை. பச்சப்பிள்ளைக்குப் போடுததுன்னு வெந்நீர்ல அலசிட்டேன். எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்க கண்ணு வலிக்கப் பின்னுனது…” என்று அவள்தான் வருத்தப்பட்டாள்.

அது உல்லனே இல்லை, அக்ரிலிக் என்கிற செயற்கை நூல். ஆட்டு உரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், துணி சுருங்கும். அக்ரிலிக் இழைக்கு அந்தச் செதில் கிடையாது. சூடு மிஞ்சினால் தொய்ந்துபோகுமே தவிர அப்படிச் சுருங்காது. நூல் உருண்டையைச் சுற்றியிருந்த தாளை வாசித்து, விலை குறைவு என்று வாங்கியவள் நான். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

பிறகு ஒரு விசேஷ வீட்டில் மதினி, “இவளுக்கு ஒரு குல்லாவைத் துவைக்கத் தெரியல, பிள்ளைய எப்படித்தான் வளக்கப்போறாளோ” என்று எல்லார் முன்னிலும் கேலி செய்தாள். அண்ணன் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நெற்றிக் கோடு அன்று சாயங்காலமே மறைந்திருக்கும். இந்தச் சிரிப்பை என்னால் அப்படிக் கழித்துவிட முடியவில்லை.

ஏன் இப்படி ஆனேன் என்று யோசிக்கும்போது இடையன்குடி ஞாபகம் வருகிறது. 1844இல் அங்கிருந்த பாதிரியார் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து வந்த எலைசா, நாகர்கோவிலில் தன் தாய் மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்த லேஸ் வேலையை அந்த ஊருக்கும் கொண்டுவந்தார். திண்டில் குண்டூசி குத்தி, நூல் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்கிற நுட்பமான வேலை. அந்த லேஸ் விலைக்குப் போனது, பெண்கள் கையில் காசு வந்தது. விலைக்குப் போகிற பொருளில் இழை தப்பினால் வாங்குகிறவர் முகத்துக்கு நேரே சொல்லுவார். செய்தவள் பிரித்துத் திரும்பச் செய்தாக வேண்டும். சும்மா கொடுக்கிற பொருளுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. அத்தை கொடுத்ததைக் குறை சொல்வது மரியாதை இல்லை என்று எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த மரியாதைக்குள் ஒளிந்துகொண்டுதான் நான் இத்தனை காலம் கைகாரி என்று பேர் வாங்கினேன். முதல் தடவையாக ஒருத்தி குறை சொன்னாள். குறையை அவள் தலையிலேயே கட்டிவிட்டேன்.

பின்னுவதை நிறுத்தவில்லை. இப்போது பருத்தி நூல்தான். தலையை அளக்காமல் ஊசியைத் தொடுவதில்லை. ஒரு அளவு பெரிய ஊசியில் தளர்வாகக் கண்ணி ஏற்றுகிறேன். இதெல்லாம் கையைத் திருத்துகிற வேலை, சுலபம். அண்ணன் மகள் போன வாரம்கூட வந்திருந்தாள். இரண்டாவது பிள்ளைக்கு என்ன பின்னுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். “இந்தத் தடவ பச்சத்தண்ணியிலதான் அலசுவேன் அத்தை” என்றாள். “சரிளா” என்றேன். முன்பின் தெரியாத உங்களிடம் இவ்வளவும் சொல்ல முடிந்த எனக்கு, அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இதை அவள் படிக்கட்டும் என்று விட்டுவிடுவதும் தப்பித்துக்கொள்கிற வேலைதான். அச்சாகி வருவதற்குள் நானே போய்ச் சொல்ல வேண்டும், மதினியும் பக்கத்தில் இருக்கும்போது.