பழகின உடம்பு

எதிர்வீட்டுப் பையன் இரண்டு மாத லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான். சொல்லிவிட்டுப் போக வந்தவன் எங்கள் படிப்புரையில் உட்கார்ந்திருந்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓடும் ஆனி மாதத்து மேற்கத்திக் காற்று தென்னை ஓலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இடையிடையே சாரல். அவன் தோளில் துண்டைப் போர்த்தியிருந்தான்.

“ஜூலை மாசம் போய் இறங்குகே. வெயிலு பத்திரம் மக்கா” என்றேன்.

“ரெண்டு வருசம் கெடந்தாச்சு தாத்தா. உடம்பு பழகிப் போச்சு.”

இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். இதைச் சொன்ன இன்னொருவன் என் கண்முன்னே விழுந்து கிடந்தான்.

1991-ஆம் ஆண்டு. ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். இரட்டைக் கட்டில்கள் மூன்று, ஒரு ஜன்னல், அதில் ஒரு ஏசி. எனக்குக் கணக்கெழுதும் வேலை, நிழலில் இருப்பேன். இரணியல் பக்கத்துப் பையன் ஒருவன் ஷட்டரிங் தச்சன். மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தவன், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டு ஜூலையில் திரும்பியிருந்தான். வந்த மறுநாளே முழு நேர வேலை. மூன்றாம் நாள் எங்கள் அறை ஏசி நின்றுபோனது. ஆள் வர இரண்டு நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று ராத்திரி அவன் சோறு வேண்டாம் என்றான். “லேசா கிறுகிறுங்குது அண்ணாச்சி, படுத்தா சரியாயிரும். நம்ம பாக்காத வெயிலா?” என்று சொல்லிவிட்டு மேல்கட்டிலில் ஏறிப் படுத்தான். சூடு மேலேதான் தங்கும், கீழே படு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நானும் படுத்துத் தூங்கிவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தூக்கத்தை நான் மறக்கவில்லை.

நடுராத்திரி தாண்டி அவன் குளறும் சத்தம் கேட்டு எழுந்தோம். அம்மையைக் கூப்பிட்டான், மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னான். தொட்டால் கை சுட்டது. தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்தால் வந்தது வெந்நீர். மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் காய்ந்தால் ராத்திரியிலும் அப்படித்தான் வரும். அப்போது அடுத்த அறை மலபார்க்காரர் ஒருவர் ஹீட்டர் குழாயைத் திறக்கச் சொன்னார். மே மாதமே ஸ்விட்சை அணைத்துவிட்ட ஹீட்டர். வீட்டுக்குள்ளேயே நின்றதால் அதிலிருந்த நீர்தான் அந்தக் கட்டடத்தில் குளிர்ந்த நீர். அதை ஊற்றினோம். பிரிட்ஜிலிருந்த ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தோம். இருவர் விசிறினார்கள், ஒருவன் கடைக்கு ஓடிப் போன் செய்தான். பையன் பிழைத்தான். டாக்டர் எங்களைப் பார்த்து, ஆம்புலன்ஸ் வருமுன் நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் காப்பாற்றியது என்றார். எனக்கு அதில் பெருமை இல்லை. சோறு வேண்டாம் என்றபோதே அந்தத் தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும்.

அவன் சொன்னது பொய்யுமில்லை. போன கோடைவரை அவன் உடம்பு பழகித்தான் இருந்தது. நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிச் சூட்டில் வேலை செய்தால், ஒன்று இரண்டு வாரத்தில் உடம்பு சீக்கிரமே வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, வியர்வையில் உப்பை வீணாக்காமல் பிடித்து வைக்கவும் கற்றுக்கொள்கிறது. ஆனால் சில வாரம் சூட்டை விட்டு விலகினால் கற்றதெல்லாம் போய்விடும். சைக்கிள் போலவோ நீச்சல் போலவோ ஆயுளுக்கும் நிற்கும் பழக்கம் இல்லை இது. நம் ஊரில் மழைக்காலச் சாரலில் இரண்டு மாதம் நனைந்துவிட்டுப் போகிறவன், எத்தனை வருட சர்வீஸ் இருந்தாலும், விமானத்தை விட்டு இறங்கும்போது புது ஆள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் பார்த்த வெயில் வேறு, அங்குள்ள புழுக்கம் வேறு. நாஞ்சில் நாட்டிலும் வியர்க்கும், கடல் பக்கம்தானே. ஆனாலும் இங்கே காற்று உண்டு. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டுவைத்திருப்பது சும்மாவா? நம் முன்னோர் வீடு கட்டியதே காற்றுக்குத்தான். பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்ட அழிகளுக்குப் பின்னால் சித்திரை மத்தியானத்தில் நின்று பாருங்கள், வெளிச்சம் நின்றுவிடும், காற்று நிற்காது. எங்கள் பழைய ஓட்டு வீட்டிலும் நடுவே முற்றம், முன்னே படிப்புரை. சூட்டைத் தாங்கினோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதியைத் தாங்கியது வீடு.

அங்கே ஆகஸ்டில் வெளியே இறங்கினால் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மூடிப்போகும். ஜன்னலின் வெளிப்பக்கம் தண்ணீராய் ஒழுகும். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துப் போகும். சொட்டித் தரையில் விழுந்தால் ஒன்றையும் எடுத்துப் போகாது. 2003 ஜூலை 8-ஆம் தேதி சவூதியின் தஹ்ரானில் வெப்பம் 42 பாகை, பனிநிலை 35 பாகை என்று பதிவானது. அதாவது 35 பாகை சூடுள்ள பொருளின் மேல்கூடக் காற்றிலுள்ள ஈரம் நீராய்ப் படியும். நம் தோலின் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் காற்றில் வியர்வை எங்கே போய்க் காய்வது?

அதனால் அறைக்குள் ஈரத்தைச் சேர்க்கக் கூடாது. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆறு பேரின் வேலை உடுப்பையும் துவைத்து அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவோம். அதே ஏசி அந்த ஈரத்தையும் உறிஞ்சி முடியாமல் திணறும். குளித்தபின் குளியலறைக் கதவைத் திறந்தே போடுவோம். சோற்றை மூடாமல் கொதிக்கவிடுவோம். இவற்றை நிறுத்தி, அடுக்களை எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு, ஏசியின் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, மேற்கு ஜன்னல் கண்ணாடியில் வெள்ளித்தாள் ஒட்டிய பிறகு அதே ஏசி நன்றாகக் குளிர்ந்தது. ஏசியை 16-இல் வைப்பதால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது, கரண்டுதான் கூடும். 24-இல் வைத்துக் கூடவே மின்விசிறியைச் சுழலவிட்டாலே தூங்கலாம். ஏசி நின்றுபோனால் மின்விசிறியை மட்டும் நம்பக் கூடாது. அறைச்சூடு 40 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அதைப் போடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்கு மேலே போனால் அது உடம்பைச் சுடவைக்கும். அப்போது ஏசி உள்ள கூட்டாளி அறைக்கோ கடைக்கோ போய்விட வேண்டும். போய்க் கேட்க வெட்கப்படக் கூடாது.

குடிப்பதற்கு அங்கே லபன் கிடைக்கும், நம் மோர்தான். உப்புப் போட்டு நீர் சேர்த்துக் குடிக்கலாம். நாங்கள் ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி பிரிட்ஜில் வைத்துக் காலையில் உப்பும் உள்ளியுமாகப் பழங்கஞ்சி குடித்தோம். ஊரில் அக்கானி, அதாவது பதநீர், குடித்த நாக்குக்கு அது ஈடாகாதுதான், உடம்புக்குப் போதும். ரொம்ப வியர்த்துத் தளர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சீனியும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஆள் குளறினால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998.

இப்போது சட்டம் இருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெட்டவெளியில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை. எங்கள் காலத்தில் இது இல்லை. அமீரகத்தில் 2005-இல்தான் வந்தது. வந்ததில் மனம் நிறைந்த சந்தோஷம் எனக்கு. ஆனால் அந்தச் சட்டம் பகலுக்குத்தான். ராத்திரி அறையில் மேல்கட்டிலில் படுத்திருப்பவனைப் பக்கத்தில் படுத்திருப்பவன்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். முதல் வாரம் கனத்த வேலையை ஏற்றுக்கொள்ளாதே, மேஸ்திரியிடம் லீவிலிருந்து வந்த ஆள் என்று வாய்விட்டுச் சொல், ஹீட்டரை இறங்கிய அன்றே அணை என்றேன். அறைக் கூட்டாளிகளின் நம்பர் இரண்டை எழுதி வாங்கிக்கொண்டேன்.

அவன் போனபின் அவன் அம்மையைக் கூப்பிட்டேன். “பிள்ளை போன் பண்ணும்போ சாப்பிட்டியான்னு கேக்கதோட நிறுத்தாதே. ஒண்ணுக்கு எத்தனை தடவை போனே, மஞ்சளா போகுதா, வெள்ளையா போகுதான்னு கேளு. கடும் மஞ்சளா போனா தண்ணி பத்தலைன்னு அர்த்தம்.” தோளுக்குமேல் வளர்ந்த ஆம்பிளைப் பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது என்று அவள் தயங்கினாள். அப்படியானால் தினம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போனை என்னிடம் கொண்டு வா, நான் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.