சாரல் அடித்தால் கடல் மூடும்

குற்றாலத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பேரருவியின் கீழே தலையைக் கொடுத்து, மூச்சுத் திணறி, "போதும், போதும்" என்று வெளியே ஓடி வந்து, அடுத்த நிமிஷமே மறுபடி உள்ளே புகுந்திருப்பீர்கள். ஸீஸன் சமயத்தில் அங்கே யாருக்கும் வேறு வேலை கிடையாது. குளிப்பது, சாப்பிடுவது, பசித்தால் மறுபடி குளிப்பது!

அந்தக் கூட்டத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற ஒரே ஆசாமி என் தங்கை மகன்தான்.

பையன் தென்காசிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். 2011-ல் ஸோஹோ கம்பெனி தென்காசியில் அலுவலகம் திறந்ததிலிருந்து, வயலுக்கும் மலைக்கும் நடுவே உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது இங்கே அதிசயமில்லை. அதிசயம் அவனுடைய பொழுதுபோக்கு. மழைக்காலம் போனதும் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டிக் கோவளத்துக்குப் போய்விடுவான். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான்.

"முதுகிலே ஆக்ஸிஜனைக் கட்டிக்கிட்டு முங்குதான் அண்ணாச்சி. நீங்க ரெண்டு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று தங்கை கண்ணைக் கசக்கினாள். நான் குற்றாலம் போனதே அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான். அருவி சும்மா ஒரு சாக்கு.

முதல் நாள் மாலை தென்காசிக் கோயிலுக்குப் போனோம். பராக்கிரம பாண்டியன் 15-ம் நூற்றாண்டில் கட்டிய விசுவநாதர் கோயில். அந்த ராஜகோபுர வாசலில் அடிக்கும் காற்றை நீங்கள் அனுபவித்திருக்க வேண்டும். உள்ளே போக விடாமல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். என் அங்கவஸ்திரம் பறந்துபோய் ஒரு பூக்காரம்மாள் கூடையில் விழுந்தது.

"இந்தக் காத்துதான் மாமா என் எதிரி" என்றான் பையன். "இதுதான் இங்கே சாரலைக் கொண்டு வருது, அருவியிலே தண்ணி விழுது. அந்தப் பக்கம் கோவளத்திலே கடலைக் கலக்கிப் போடுது. ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் முங்க முடியாது. ஊரே குளிக்கிறப்போ எனக்கு மட்டும் விடுமுறை!"

நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான். குற்றாலத்தில் விழும் சிற்றாறு தாமிரபரணியில் கலந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. அங்கே தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்களும் இந்தக் காற்றுக்கு முன்னால், மார்ச், ஏப்ரல் மாதங்களில், கடல் தெளிந்திருக்கும்போதுதான் இறங்குவார்கள். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து, ஒரே மூச்சில் அடிக்குப் போய்ச் சிப்பியை வாரி வருவார்கள். அந்த வளைகுடாவில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

மழைக்காலத்தில் பையன் சும்மா இருப்பதில்லை. அவன் அறையில் எனக்குப் படுக்கை போட்டார்கள், படுக்கத்தான் இடமில்லை. ஒரு பக்கம் பற்றவைக்கும் ஈயக்கம்பி, இன்னொரு பக்கம் விளக்குகள், ரப்பர் வளையங்கள். தண்ணீருக்குள் எரியும் விளக்கில் அந்த வளையத்தின் மேல் ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தாலும் கடல் உள்ளே புகுந்துவிடுமாம். துடைத்து, பசை தடவி மூடி, தங்கையின் பித்தளை அண்டாவில் ராத்திரி முழுக்க ஊறப் போடுவான். ("பொங்கலுக்கு வாங்கின அண்டா!" என்பது அவள் புகார்.) மணிக்கட்டில் கட்டும் சின்னக் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் குறித்து வைக்கும், அதைப் படிக்க அவனே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறான். மூச்சு விடும் கருவியில் மட்டும் கை வைக்க மாட்டான். அதைப் பழுது பார்க்கப் படித்தவரிடம் அனுப்பிவிடுவான். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவன் மேல் மதிப்பு வந்தது.

"ஆக்ஸிஜன் இல்லை மாமா, நாம இழுக்கிற இதே காத்துதான், அழுத்தி அடைச்சது" என்றான். 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியுமாம். மூச்சை அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்க வேண்டும். இவன் அடக்கவே கூடாது!

மறுநாள் பேரருவி. மேலிருந்து வரும் தண்ணீர் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, பொங்கி எழுந்துதான் நம் தலைக்கு வருகிறது. "இவ்வளவு கெட்டிக்காரன், அதிலே இறங்கேன்" என்றேன்.

"செத்துப் போவேன் மாமா. நுரைத் தண்ணியிலே காத்து கலந்திருக்கு, ஆளைத் தாங்காது. கையை வீசினாலும் பிடிமானம் இருக்காது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனதைச் சொன்னான். "அம்மா அருவிக்குப் போகாதேன்னு சொல்றதில்லையே."

இதுதான் சமயமென்று, "உனக்குக் கடலில் ஒன்றும் ஆனதில்லையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். போன பிப்ரவரியில், 15 மீட்டர் ஆழத்தில், மணிக்கட்டுக் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதாம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு படபடத்தது. பிறகு இடுப்பில் தொங்கிய பழைய முள் மீட்டரைப் பிடித்துப் பார்த்தான். இன்னொரு கையில் சாதாரணக் கடிகாரம். கூட வந்தவனுக்குச் சைகை காட்டி, மெல்ல எழும்பி, 5 மீட்டரில் 3 நிமிஷம் நின்று, மேலே வந்தான். அன்று இரண்டாம் முறை இறங்கவில்லை, படகிலேயே உட்கார்ந்திருந்தான்.

"அம்மாகிட்டே சொல்லிராதீங்க மாமா."

சொல்லவில்லை. அவள் இந்தப் பத்திரிகையில் தொடர்கதை மட்டும்தான் படிப்பாள். ஆகையால் உங்களிடம் சொல்லலாம்.

திரும்பும்போது மங்குஸ்தான் பழக்கடையில் தங்கை என்னை ஓரமாக இழுத்தாள். "அவன்கிட்டே சொன்னியளா, அண்ணாச்சி?"

"பேசினேன். பயப்படாதே. எதை எடுத்தாலும் ரெண்டு ரெண்டா வச்சிருக்கான். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு, சரி. பொஞ்சாதி ஒண்ணுகூட இல்லையே! அதைச் சொன்னியளா?" என்றாள் அவள்.