ஸ்குரூவில் கை வைப்பதற்கு முன்

பழைய புரோட்டோன் சாகாவைக் கொண்டுவருகிறவர்கள் நோயோடு மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். "ரோட்ல நல்லா ஓடுது, நின்னா செத்துப்போகுது. ஸ்லோ ஸ்பீடை கொஞ்சம் ஏத்தி விடுங்க." ஐடில் ஸ்குரூவை அரைச் சுற்று திருகுவது ஒரு நிமிட வேலை. வண்டி அன்றைக்கு நிற்காது, காசும் கொஞ்சம்தான். ஆனால் காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். அது பெரிசாகப் பெரிசாக ஸ்குரூவும் இன்னொரு சுற்று போகும். பத்தாங் பெர்ஜுந்தாய் சுற்றுவட்டாரத்தில் என் கைக்கு வரும் பழைய கார்கள் பலவற்றில் அந்த ஸ்குரூவின் தலை தேய்ந்து வழுவழுவென்று கிடக்கும். எத்தனை பேர் திருகியிருப்பார்கள் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன். எப்போது நிற்கிறது? காலையில் குளிர்ந்த இஞ்சினிலா, சூடேறிய பிறகா? ஏர்கான் கம்ப்ரஸர் 'டக்'கென்று பிடிக்கும்போதா? கியர் போட்டபடி நிற்கும்போதா, பிரேக்கில் கால் வைக்கும்போதா? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைப்பதுதான் கஷ்டம். "எப்பவும்தான் நிக்குது" என்பார்கள். எந்த வண்டியும் எப்பவும் நிற்பதில்லை.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவருடைய சாகா அப்படித்தான் வந்தது. கார்பரேட்டரை ஏற்கெனவே வேறோர் இடத்தில் கழற்றிக் கழுவியாகிவிட்டது. "பஜார் முச்சந்தியிலதான் தம்பி நிக்குது, வேற எங்கேயும் இல்லை. பின்னால செம்பனை லோரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், மானம் போகுது" என்றார். முச்சந்தியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வேறென்ன, பிரேக்கை மிதிப்பேன்." வீட்டு வாசலில் ஹேண்ட் பிரேக் போட்டு இஞ்சினை ஓடவிட்டால்? யோசித்துப் பார்த்தார். "அங்க நிக்காது."

ஐயா அந்த இடத்திலேயே எனக்கு வழி காட்டிவிட்டார். இஞ்சினை ஐடிலில் விட்டுப் பெடலை மெதுவாக அழுத்தச் சொன்னேன். காலடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல், கூடவே இஞ்சின் குலுங்கியது. காலை எடுத்தார், சீறலும் குலுக்கலும் அடங்கின. பிரேக் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் வெளிக்காற்று பூஸ்டர் வழியாக நேராக மேனிஃபோல்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரையோ அதன் ஹோஸையோ ஒருவழி வால்வையோ பார்க்க வேண்டும். வண்டி நிற்பதைவிட இது பெரிய ஆபத்து, பிரேக் சம்பந்தப்பட்டது.

ரோட்டில் ஓடும் வண்டி நின்றால் மட்டும் ஏன் சாகிறது? ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுக்கின்றன, காற்று வர வழியில்லை. நல்ல இஞ்சினில் மேனிஃபோல்டுக்குள் பாதரசக் கணக்கில் 18 முதல் 20 அங்குலம் வரை வேக்கம், அதாவது வெற்றிட இழுப்பு, இருக்கும். உள்ளே போகும் காற்றே கொஞ்சம் என்பதால், பென்சில் முனை அளவு ஓட்டை இருந்தாலும் அதில் வரும் காற்று பெரிய பங்காகிவிடுகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்ற கலவை மெலிந்துபோய், எரிவது விட்டுவிட்டு எரிந்து இஞ்சின் அணைந்துவிடும். ஈஜோக் ரோட்டில் மிதித்து ஓட்டும்போது த்ராட்டில் விரியத் திறந்திருக்கும், வேக்கமும் குறைவு. அந்த ஓட்டைக் காற்று கணக்கிலேயே வராது.

கலவை மெலிந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, இஞ்சின் தடுமாறிக்கொண்டு ஓடும்போதே கார்பரேட்டர் வாயை உள்ளங்கையால் பாதி மூடினால் போதும். மூச்சு சீராகி வேகம் ஏறினால் கலவையில் காற்று அதிகம். மூடியதும் அணைந்துபோனால் லீக்கைத் தேடிப் பயனில்லை, வேறு பக்கம் போக வேண்டும். ஏறினாலும் அவசரப்படக்கூடாது. ஐடில் ஜெட் அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் ஏறும். சாவியை ஆன் செய்தால் கார்பரேட்டர் பக்கத்தில் சோலினாய்டு 'கிளிக்' என்று தட்ட வேண்டும். அது செத்திருந்தால் ஐடில் பெட்ரோலே வராது. ஒயர் கழன்றிருப்பதைப் பார்க்காமல் கார்பரேட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் ஹோஸ்கள். சாகாவிலும் இஸ்வாராவிலும் கார்பரேட்டரைச் சுற்றி ஒரு காடே இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸுக்கு ஒன்று, பிசிவி வால்வுக்கு ஒன்று, ஏர்கான் போட்டால் ஐடிலைத் தூக்கும் ஐடில்-அப்புக்கு ஒன்று. எது எங்கே போகிறது என்ற படம் பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும். பானெட்டே பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் போத்தோங் கடையிலிருந்து வந்ததென்றால் அந்தப் படமும் வேறு வண்டியுடையது. ஒவ்வொரு ஹோஸையும் அதன் முனையில் கழற்றி விரலால் அடைப்பேன். எதை அடைத்தால் இஞ்சின் சீராகிறதோ அந்தக் கிளையில்தான் குற்றம். பிளையரால் கிள்ளிப் பார்க்கிறவர்கள் உண்டு. முப்பது வருஷ ஹோஸைக் கிள்ளினால் அது அப்பளம் மாதிரி நொறுங்கும், தேடிய லீக்கோடு புதிய லீக் ஒன்றும் சேரும்.

என் அப்பா சுங்கை திங்கி தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த மரத்துப் பால் பானெட்டுக்குள் வேலைக்கு ஆகாது. பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கொழகொழத்துவிடும். அந்த இடத்துக்கு நைட்ரைல் ரப்பர்தான் தாங்கும். அதற்கும் ஆயுசு உண்டு. இஞ்சின் சூடு வருஷக்கணக்கில் பட்டுப்பட்டு மெதுமை போய்க் கடினமாகி, முனை வளையத்தில் முடி அளவு வெடிப்பு விடும். அது இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு மாதிரி, சூடேறினால் வேறு மாதிரி. சிலிக்கான் ஹோஸ் நீலத்திலும் சிவப்பிலும் கடையில் தொங்குகிறது, இளைஞர்களுக்குப் பிடிக்கும். சூட்டைத் தாங்கும்தான். பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் படும் இடத்தில் அதைப் போட நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஹோஸ்களில் குற்றமில்லை என்றால் கேஸ்கெட்தான். கார்பரேட்டர் அடியில் இருக்கும் தடித்த இன்சுலேட்டர், மேனிஃபோல்டு ஹெட்டைச் சேரும் இடம், த்ராட்டில் ஷாஃப்டின் தேய்ந்த புஷ். இங்கே கார்ப் கிளீனர் அடித்து, வேகம் மாறும் இடத்தைப் பிடிப்பதுதான் எல்லாரும் செய்வது. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதை அடித்துத் தீப்பிடித்த கதைகள் பட்டறைக்குப் பட்டறை உண்டு. எனக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு நொடி தண்ணீர் அடைத்துக்கொள்ளும், இஞ்சினின் குரல் மாறும், நுரை உள்ளே இழுபடும். புகை போட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழி உண்டு. மூடிய டின்னில் கொஞ்சம் பேபி ஆயில், பழைய டீசல் லோரியின் குளோ பிளக் ஒன்று. ஆனால் கம்ப்ரஸர் காற்றை அப்படியே திறந்துவிட்டால் நல்ல சீலும் பிய்ந்துபோகும். வாயால் ஊதும் அளவு அழுத்தம் போதும்.

வேக்கம் கேஜை அடிக்கடி எடுப்பேன், ஆனால் தீர்ப்பை அதனிடம் விடமாட்டேன். முள் அசையாமல் 14இல் நின்றால் லீக்காகவும் இருக்கலாம், டைமிங் தள்ளிப்போயிருந்தாலும் அப்படித்தான் நிற்கும். ஒழுங்கான இடைவெளியில் துள்ளி விழுந்தால் வால்வைப் பார்க்க வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்தை ஒட்டியது என்பதால் புத்தகத்தில் உள்ள கணக்கு அப்படியே பொருந்தும். கேமரன் மலைக்காரர் தன் வண்டியை அங்கே அளந்தால் நாலைந்து அங்குலம் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து இஞ்சினைப் பிரித்துவிடக் கூடாது.

1994இல் வந்த கஞ்சில் கார், பக்கத்துச் செரண்டாவில் செய்தது, இன்னொரு கதை. மூன்றே சிலிண்டர். ஒரு சிலிண்டரின் வாசலில் லீக் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய், கண்ணாடியெல்லாம் ஆடும். பிந்தி வந்த இன்ஜெக்ஷன் வண்டிகளில், மேப் சென்சார் இருந்தால், லீக்கால் இஞ்சின் நிற்பதற்குப் பதில் ஐடில் ஏறிக்கொண்டு போகும். மேனிஃபோல்டில் காற்று கூடியதைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலையும் சேர்த்து ஊற்றுகிறது. நிற்கும் வண்டிக்கும் அலறும் வண்டிக்கும் நோய் ஒன்றாக இருக்கலாம்.

லீக்கை அடைத்ததும் இஞ்சின் திடீரென்று 1,500க்கு எகிறும். பழைய ஆட்கள் ஏற்றிவைத்த ஸ்குரூதான் காரணம். அதை இறக்கி 800 பக்கம் கொண்டுவந்து, ஏர்கான் போட்டு, விளக்கு போட்டுப் பார்த்த பிறகுதான் பானெட்டை மூடுவேன்.

பிறகு கூலி. பூஸ்டர் மாற்றினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், பெரிய சாமான் கையில் தெரிகிறது. ஓரிரு வெள்ளி ஹோஸ் துண்டுக்காக அரை நாள் தேடினால் எவ்வளவு கேட்பது? அறுத்தெடுத்த பழைய துண்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்து வளைக்கச் சொல்வேன். உடையும். "இதுக்கா இவ்வளவு?" என்பார்கள். ஹோஸுக்கு இரண்டு வெள்ளி, மீதி அது எங்கே இருக்கிறதென்று தேடியதற்கு என்று சொல்வேன். சிலர் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். சிலர் அடுத்த தடவை ஸ்குரூ திருகுகிறவரிடமே போய்விடுவார்கள்.