நெரிசல் நேரத்துக் குரல்

திங்கள்

காலை பத்து மணி ஆனதுமே முன்பதிவு மையத்திலிருந்து போன். "சார், பேஷண்ட் பேசுறது பாதிதான் காதுல விழுது. பேரையே மறுபடி மறுபடி கேக்க வேண்டியிருக்கு" என்றார் அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மா. பதினொன்றரை வரை இதே நிலை. கூட்டம் குறைந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது. மருத்துவமனைக்குப் போன் செய்கிறவர் வலியோடும் பயத்தோடும் பேசுகிறார். சொன்னதையே அவரைத் திரும்பச் சொல்ல வைப்பதைச் சின்னக் குறையாக என்னால் நினைக்க முடியவில்லை.

அழைப்புகளைக் கையாளும் சர்வரில் ஓடுவது ஆஸ்டரிஸ்க். மார்க் ஸ்பென்சர் 1999-இல் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள். உச்ச நேரத்தில் ஒரே சமயத்தில் சுமார் 400 அழைப்புகள் நடக்கின்றன. டாப் கட்டளை கொடுத்துப் பார்த்தால் சிபியு பெரும்பாலும் சும்மா இருக்கிறது. லோடு ஆவரேஜோ கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டி ஏறி நிற்கிறது. இதில் முரண் எதுவும் இல்லை. லினக்ஸ் இந்தக் கணக்கில் ஓடுகிற வேலைகளோடு, டிஸ்க்குக்காகக் காத்து நிற்கிற வேலைகளையும் சேர்த்துக்கொள்ளும்.

"புது சர்வரே வாங்கிடலாமா?" என்று மேலாளர் கேட்டார். அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மாலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜி.711 கோடெக், குரலிலிருந்து நொடிக்கு 8000 மாதிரிகள் எடுத்து 64 கிலோபிட்டாக அனுப்பும். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் நொடிக்கு 50. ஓர் அழைப்புக்கு இரண்டு முனைகள்: வெளியே நோயாளி, உள்ளே ஊழியர். இரண்டு முனைகளிலிருந்தும் வாங்கி, இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். ஆக 200 பாக்கெட். 400 அழைப்புகளுக்கு நொடிக்கு 80,000. தலைப்புகளோடு சேர்த்து ஒரு பாக்கெட் 200 பைட்தான். சர்வருக்கு உள்ளே வருவது மொத்தம் 64 மெகாபிட். ஜிகாபிட் கார்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இணைப்பின் வேகம் தாராளம். பாக்கெட்டுகளின் எண்ணிக்கைதான் பாரம்.

செவ்வாய்

இன்று டிஸ்க். ஐஓஸ்டாட் காட்டியது தெளிவாக இருந்தது: நெரிசல் நேரம் முழுக்க டிஸ்க்குக்கு ஓய்வே இல்லை, எழுத வேண்டிய ஒவ்வொன்றும் வரிசையில் நிற்கிறது. எல்லா அழைப்புகளும் ரெக்கார்டு ஆகின்றன. சுருக்காத ஒலிக்கோப்பு நொடிக்கு 16 கிலோபைட்; 400 கோப்புகளுக்கும் சேர்த்து 6.4 மெகாபைட். அளவைப் பார்த்தால் அற்பம். ஆனால் அது 400 இடங்களில் துளித்துளியாக எழுதப்படுகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒவ்வொன்றுக்கும் இடம் தேடி ஓட வேண்டும்.

அதே டிஸ்க்கில்தான் டேட்டாபேஸும் இருக்கிறது. அழைப்பு வந்ததும் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று ஆஸ்டரிஸ்க் அதைத்தான் கேட்கிறது; முடிந்ததும் அழைப்பு விவரத்தை அதில்தான் எழுதுகிறது. டிஸ்க் தாமதித்தால் டேட்டாபேஸ் தாமதிக்கும், மணி அடிப்பதும் தாமதிக்கும். சர்வர் அழைப்பை எடுத்த பிறகும் மணி அடிக்கும் வரை சில விநாடி ஒன்றும் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

நடக்கும் அழைப்புகளின் ரெக்கார்டிங்கை ராமில் எழுதி, முடிந்ததும் முழுக் கோப்பாக டிஸ்க்குக்கு நகர்த்தும்படி மாற்றினேன். நான்கு நிமிட அழைப்புக்கு நான்கு மெகாபைட்கூட ஆகாது. 400-க்கும் ஒன்றரை ஜிபி போதும். மின்சாரம் போய் சர்வர் அணைந்தால், அப்போது நடந்துகொண்டிருக்கும் அழைப்புகளின் பதிவு போய்விடும். அதை மேலாளரிடம் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே செய்தேன். வேறு எதையும் இன்று தொடவில்லை. இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

புதன்

லோடு ஆவரேஜ் இறங்கிவிட்டது. அழைப்பு உடனே இணைகிறது. குரல் மட்டும் இன்னும் உடைகிறது.

கோர் கோராகப் பிரித்துக் காட்டும் எம்பிஸ்டாட்டை ஓடவிட்டேன். மொத்தச் சராசரியில் மறைந்திருந்தது வெளியே வந்தது: பதினாறு கோர்களில் ஒன்று மட்டும் முழுசாக நிரம்பியிருக்கிறது, அதுவும் நெட்வொர்க் இன்டரப்ட் வேலையிலேயே. பதினாறு வாயில் உள்ள சுங்கச்சாவடியில் ஒன்றை மட்டும் திறந்து வைத்த கதை. மீதிப் பதினைந்தும் காலியாக இருப்பதால் சராசரியில் சிபியு ஓய்வாகத் தெரிந்தது.

நெட்வொர்க் கார்டில் பல வரிசைகள் உண்டு. எந்தப் பாக்கெட் எந்த வரிசைக்கு என்பதைக் கார்டே பிரிக்கும். யுடிபி பாக்கெட் என்றால் அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரின் ஐபி முகவரியை மட்டும் வைத்துப் பிரிக்கும் வழக்கம் பல கார்டுகளில் இருக்கிறது. எங்களுக்கு வெளி அழைப்புகள் எல்லாம் ஒரே டிரங்கிலிருந்து, ஒரே ஐபி முகவரியிலிருந்து வருகின்றன. எனவே அந்தப் பக்கத்துப் பாக்கெட் அத்தனையும் ஒரே வரிசையில், ஒரே கோரில் விழுந்தன. உடைந்ததும் நோயாளியின் குரல்தானே. ஊழியர் பேசியது அந்தப் பக்கம் நன்றாகவே கேட்டிருக்கிறது.

ஈத்டூல் கொண்டு போர்ட் எண்ணையும் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். ஒவ்வொரு அழைப்புக்கும் போர்ட் வேறு வேறு என்பதால் சுமை எல்லாக் கோர்களிலும் பரவியது. பிற்பகல் நெரிசலில் அந்த அம்மாவே கூப்பிட்டு, "இப்ப நல்லா கேக்குது சார்" என்றார்.

குரலுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? இணையப் பக்கம் அரை நொடி தாமதித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். குரலுக்கோ ஒரு திசையில் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது ஜி.114 என்ற பன்னாட்டுப் பரிந்துரை. பிந்தி வரும் குரல் பாக்கெட்டைப் போன் தூக்கி எறிந்துவிடும். பிந்தியதும் தொலைந்ததும் இங்கே ஒன்றுதான்.

வியாழன்

காலையில் கட்டடத்தில் மின்சாரம் போய் வந்தது. ஊழியர்களின் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து, சர்வரில் பதிவு கேட்டு முண்டியடித்தன. யுடிபியில் ஓடும் சிப் என்ற அழைப்பு நெறிமுறையில் பதில் வராவிட்டால் போன் அரை நொடியில் மறுபடி கேட்கும், பிறகு ஒரு நொடியில், இரண்டில், நான்கில். 32 நொடி வரை விடாது. சர்வர் மெதுவானால் கேள்விகள் பெருகும். கேள்விகள் பெருகினால் சர்வர் இன்னும் மெதுவாகும். சுமையே சுமையைப் பெற்றுப்போடுகிறது.

போன்கள் பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியை நீட்டினேன். எல்லாம் ஒரே கணத்தில் வராதபடி ஒவ்வொன்றுக்கும் சற்று வேறுபட்ட நேரம் வைத்தேன்.

வெள்ளி

இரவு, மையம் மூடிய பிறகு, சிப்பி என்ற சோதனைக் கருவியால் போலி அழைப்புகளை ஏற்றினேன். ஐம்பது ஐம்பதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் நின்று, கோர், டிஸ்க், தொலைந்த பாக்கெட் மூன்றையும் குறித்துக்கொண்டேன். 600-ஐத் தாண்டியதும் பாக்கெட்டுகள் தொலையத் தொடங்கின.

மணிக்கு 6000 அழைப்புகள், ஒவ்வொன்றும் நான்கு நிமிடம் என்றால் 400 எர்லாங் சுமை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1917-இல் தந்த கணிதம் இன்றும் இங்கே செல்லுபடியாகிறது. 400 என்பது சராசரி. அழைப்புகள் கொத்துக் கொத்தாக வரும், எனவே இடம் மிச்சம் இருக்க வேண்டும். வரிசைக் கணக்கின் எளிய வடிவமும் இதையே சொல்கிறது. பாதிச் சுமையில் ஒரு வேலை முடிய இரண்டு மடங்கு நேரம், 90 சதவீதத்தில் பத்து மடங்கு, 95-இல் இருபது மடங்கு. கடைசிப் பத்து சதவீதத்தைப் பிழிந்தெடுக்க ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆஸ்டரிஸ்கில் அழைப்பு உச்சவரம்பை 500 என்று வைத்திருக்கிறேன். 501-ஆவது நபருக்கு இணைப்புக் கிடைக்காது. அவர் மறுபடி முயலலாம். உள்ளே இருக்கும் 500 பேரின் பேச்சும் சிதைவதைவிட அதுவே நியாயம்.

புது சர்வர் வாங்க வேண்டிய தேவை வரவில்லை. இருந்த சர்வருக்கு வலு போதாமல் இல்லை. அது டிஸ்க்கின் முன்னும் ஒற்றைக் கோரின் முன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சர்வர் எவ்வளவு உழைக்கிறது என்று கேட்பதற்கு முன் எங்கே காத்திருக்கிறது என்று கேளுங்கள். சராசரியை நம்பாமல் பிரித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மணியோடு எழுதி வையுங்கள்.