தோசைக்கல்லுக்கு வழிவிடும் கார்

மின்சாரக் கார் வாங்கிய முதல் குளிர்காலம், சமையலறை யன்னலூடாக வயர் இழுத்துத்தான் சார்ஜ் செய்தேன். யன்னலை முழுதாகச் சாத்த முடியாது. அந்த இரண்டு விரல் இடைவெளியால் ஒஸ்லோக் குளிர் உள்ளே வரும். மனைவி போர்வையோடு நின்று தேத்தண்ணி ஊற்றுவா. "எல்லாரும் வாங்கினம் எண்டு வாங்கியாச்சு, எங்க கொழுவிறது எண்டு யோசிக்கேல்லை" என்பா. எல்லாரும் என்றது மிகையில்லை. 2024 இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 அளவில் மின்சாரக் கார்கள்தான்.

மார்ச்சில் ஒருநாள் பிளக்கைக் கழற்றக் கை சுட்டது. வெள்ளைப் பிளாஸ்டிக்கின் கரை, கருகின அப்பளம்போலப் பழுப்பேறியிருந்தது. அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை இரவு?" என்று மட்டும் கேட்டார். கேத்தில் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். கார் பத்து மணித்தியாலம் விடாமல் இழுக்கும். தொடுப்பு ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தாலே சூடேறப் போதும். பிறகு பியூஸ் பெட்டியைத் திறந்து பெருமூச்சு விட்டார். இங்கே பெரும்பாலும் வீட்டைச் சூடாக்குவதும் கரன்ட்தான். சுவர் ஹீட்டர், வெந்நீர்த் தாங்கி, அடுப்பு எல்லாம் ஒரே மெயினில். அதோடு 230 வோல்டில் 32 அம்பியர் இழுக்கும் காரைச் சேர்த்தால் இன்னுமொரு ஏழு கிலோவாட்.

2022 ஜூலையிலிருந்து கம்பிக் கட்டணத்திலும் புதுக் கணக்கு வந்திருக்கிறது. மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் ஆகக்கூட இழுத்த மணித்தியாலங்களை எடுத்து, சராசரி பார்த்துப் படி போடுவார்கள். பின்னேரத்தில் தோசை, உடுப்புத் தோய்க்கும் மெசின், கார் மூன்றும் ஒன்றாக ஓடினால் பத்து கிலோவாட் தாண்டும். அப்படி மூன்று நாள் போனால் அந்த மாதம் மேல்படிதான்.

அதனால் மீற்றரோடு கதைக்கும் சார்ஜரைப் பூட்டினோம். மீற்றரின் துவாரத்தில் நெருப்புப்பெட்டி அளவில் ஒன்றைச் செருகினார். வீட்டில் பாரம் ஏற ஏறக் கார் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளுமாம். அன்றிரவு மனைவி தோசைக்கல்லை வைக்க, மகள் போனில் அம்பியரைப் பார்த்துச் சொன்னாள்: "28… 14… அப்பா, 6! கார் தோசைக்குப் பயப்பிடுது."

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 1990 இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் கரன்ட் நின்ற பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்டோம். சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அமிழும். பெரியப்பா தலையில் குட்டுவார். அவருடைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஸ்டார்ட் ஆகச் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். இதை மகளுக்குச் சொன்னேன். "ரேடியோவுக்கு பற்றரி போடுறதுதானே?" என்றாள். அந்த யுத்தகாலத்தில் பற்றரியும் தடைப் பொருள் என்று சொல்ல, அவள் நம்பவில்லை.

இப்போது கார் நடுச்சாமத்தில், வீடு உறங்கியபின் சாப்பிடுகிறது. யன்னலையும் முழுதாகச் சாத்த முடிகிறது.

சார்ஜர் பூட்டப்போகிறவர்களுக்கு ஒன்று. மச்சானுக்கு வயரிங் தெரியும் என்று அவரைக்கொண்டு செய்விக்காதீர்கள். பதிவுபெற்ற நிறுவனத்தின் எலக்ட்ரீஷியன்தான் செய்யலாம். வேலை முடிய, அது விதிப்படி நடந்தது என்று உறுதிசெய்யும் 'சம்ஸ்வார்ஸ்எர்க்லேரிங்' என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் வீடு விற்கும்போது அதைத்தான் கேட்பார்கள். நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு கிழமை கழித்துத்தான் அலைந்து வாங்கினேன்.